தரங்கம்பாடியில் அந்தக் கதவைத் திறந்து வையுங்கள்

தரங்கம்பாடிக்கு வந்து போகும் மக்களின் வசதிகளுக்குப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

தரங்கம்பாடியில் பூட்டியும் பழுதாகியும் கிடக்கும் கழிப்பறைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அதற்காக ஏற்கெனவே மனு கொடுத்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், விவரமும் உங்களிடம்தான் இருக்கிறது. அதனால் பழைய கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை என் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். அன்றைக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன். கேட்கப் போவதும் ஒன்றுதான். பெண்களுக்கு ஒரு கழிப்பறை, தண்ணீர் வசதியோடும் உள்தாழ்ப்பாளோடும், காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை பூட்டாமல் இருக்க வேண்டும்.

பெரியம்மா அந்த ஊரில் விடுதியில் தங்கிப் படித்தவர். மாயவரத்தில் ஏறி மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று நின்று நின்று போன ரயிலில்தான் லீவுக்கு வருவார், போவார். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை, முட்டிவலி எல்லாம் உண்டு. "அந்த ஊரை ஒரு தடவை அவசரமில்லாம சுத்திப் பாக்கணும்டி" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதால் சனிக்கிழமையாகப் பார்த்துக் கிளம்பினோம். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்துக்கொண்டோம். வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு சாயங்கால பஸ்ஸில் திரும்புவது என்று திட்டம்.

ஊர் அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் குறையை மட்டும் எழுதினால் நியாயமாகாது. 1792இல் டேனியர்கள் கட்டிய அந்தப் பழைய நுழைவாயிலுக்குள் போனதுமே மெயின் ரோட்டு ஹாரன் சத்தம் குறைந்து, காற்றில் உப்பு தெரிய ஆரம்பித்துவிடுகிறது. பெரியம்மா கைத்தடியைக்கூட மறந்து நடந்தார். 1701இல் கட்டப்பட்ட சீயோன் தேவாலயம், 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் தேவாலயம், இரண்டின் முன்னாலும் நின்று நிதானமாகப் பார்த்தோம். புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் பெயரெழுத்துச் சின்னம் இருக்கிறது அல்லவா, பெரியம்மா சின்ன வயதில் அதைப் பார்த்து சிலேட்டில் வரைவாராம். 1706இல் கப்பலில் வந்து இறங்கி, தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அந்த ஆலயத்துக்குள்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அச்சுக்கு வேண்டிய காகிதத்துக்குப் பொறையாற்றில் பட்டறையே போட்டார்கள். அந்த இடத்தை இன்றைக்கும் கடுதாசிப்பட்டறை என்றுதான் சொல்கிறார்கள் என்று பெரியம்மா எனக்குப் பாடமே எடுத்தார்.

அப்புறம் கடைகள். சோழி மாலை, சிப்பி ஒட்டிய முகம் பார்க்கும் கண்ணாடி, பனையோலைப் பெட்டி, சங்கில் பெயர் எழுதிக் கொடுப்பவர். பெரியம்மாவுக்கு வாங்குவதைவிடத் தொட்டுப் பார்ப்பதில்தான் ஆசை. ஓலைப்பெட்டியின் மூடியைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோய் வாசம் பார்த்தார். கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டார். பேத்தியின் பெயரைச் சங்கில் எழுதச் சொல்லி, கோட்டையைப் பார்த்துவிட்டு வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

1620இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி, டென்மார்க் கப்பல் தளபதி ஓவே கெட்டே கட்டத் தொடங்கிய கோட்டை. உள்ளே சீனத்து ஜாடிகள், பீங்கான், வாள்கள், திமிங்கில எலும்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த பெரியம்மா, என் கையைப் பிடித்துக் காதோடு சொன்னார். சர்க்கரை நோயாளிகளை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அவர்களால் ரொம்ப நேரம் பொறுக்க முடியாது.

வெளியே வந்து விசாரித்துப் போனோம். முதலில் காட்டிய கழிப்பறைக் கதவில் பூட்டு. பூட்டின் மேல் துரு ஏறி, சாவித் துவாரத்தில் மணல் அடைத்திருந்தது. பக்கத்தில் கேட்டால், சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லை என்றார்கள். இன்னொன்று மணலை ஒட்டி இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள் என்றார்கள். அந்த வெயிலில், முட்டிவலியோடு, மணலில் கால் புதைய அவரை நடத்திக் கூட்டிப்போனேன்.

அது பூட்டவில்லை. பூட்ட முடியாது. கடல்காற்றில் நாதாங்கி அரித்துப்போய் ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள்தான் மிச்சம். குழாயைத் திருகினேன், காற்றுதான் வந்தது. வாளி இல்லை, கப் இல்லை. மேலே ஹோல்டர் மட்டும் இருக்கிறது, பல்ப் இல்லை. கீழே குந்தி உட்காரும் பீங்கான். பிடித்துக்கொண்டு எழ, சுவரில் ஒரு கம்பிகூடக் கிடையாது. நான் வெளியே நின்று கதவை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். ஆட்கள் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து ரிட்டயர் ஆன மனுஷி, போன காரியம் முடியாமலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வேணாம்டி, போயிடலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஐயா, அம்மா, அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கடைசியில் உதவியது அந்தக் கடைக்கார அம்மாதான். கடையைப் பக்கத்துக் கடையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தெருவுக்குள் இருக்கும் ஒரு வீட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனார். அந்த வீட்டில் யார், எவர் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள். பணம் நீட்டியபோது கோபித்துக்கொண்டார்கள். திரும்பும்போது கடைக்கார அம்மாவிடம், "நீங்க எல்லாம் என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டேன். அவர் தூரத்திலிருந்து பஸ்ஸில் வந்து கடை போடுபவர். "காலையில ஒரு டீயோட சரி. அப்புறம் தண்ணியே குடிக்கறதில்ல. எத்தன தடவ அவங்க வீட்டுக் கதவைத் தட்டுறது?" என்றார். அந்த வெயிலில், சாயங்காலம் வரை, தண்ணீர் குடிக்காமல். நீர்க்கடுப்பு வந்து ஊசி போட்டுக்கொண்ட கதையையும் சொன்னார்.

இதைக் கேட்ட பிறகு பெரியம்மாவும் பாட்டிலைத் தொடவில்லை. சர்க்கரை மாத்திரை போடுகிறவர், உச்சி வெயிலில் வாய் வறண்டுபோய் உட்கார்ந்திருந்தார். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. சங்கை வாங்கிக்கொண்டு மத்தியான பஸ்ஸிலேயே திரும்பிவிட்டோம். கோட்டை மாடியில் ஏறிக் கடலைப் பார்க்கவில்லை. சீகன்பால்கு இருந்த வீட்டில் வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போகவில்லை. கடல் அரித்ததுபோக மிஞ்சியிருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் பெரியம்மா சின்ன வயதில் தினமும் பார்த்த கோயில், அதையும் பார்க்கவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்திலேயே திருக்கடையூர். அறுபதுக்கும் எண்பதுக்கும் கல்யாணம் செய்துகொள்ள எங்கெங்கிருந்தோ அங்கே வருகிறார்கள். மணமக்களே அறுபதும் எண்பதும் ஆனவர்கள், கூட வரும் அண்ணன், அக்கா, சம்பந்தி எல்லாம் அதே வயது. சடங்கு முடிந்து சாப்பிட்டதும், இவ்வளவு தூரம் வந்தாச்சு, தரங்கம்பாடியையும் பார்த்துவிடலாம் என்று வேன் நேராக அங்கேதான் வருகிறது. நாங்கள் இருந்தபோதும் ஒரு வேன் வந்தது. பட்டுப்புடவையோடும் கழுத்தில் மாலையோடும் இறங்கிய ஒரு பாட்டி முதலில் கேட்டதே இதைத்தான். பதில் கிடைத்ததும் மறுபடி வேனிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வண்டி கிளம்பிவிட்டது. கடைப்பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வியாபாரம் இல்லை, வியாபாரம் இல்லை என்று கடைக்காரர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் இல்லையா?

2004 சுனாமிக்குப் பிறகு அந்த ஊரில் எத்தனை பழைய வீடுகளைச் சுண்ணாம்பும் மரமும் கொண்டு பழையபடியே மீட்டெடுத்தார்கள்! எவ்வளவு கவனமான வேலை! அதைச் செய்ய முடிந்த ஊரில் ஒரு தாழ்ப்பாளை மாற்ற முடியவில்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆண்கள் எங்காவது சுவரோரம் ஒதுங்கிவிடுகிறார்கள், அது பாரம்பரியச் சுவராக இருந்தாலும் சரி. நாங்கள் எங்கே போவது?

கட்டடம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கட்டடம் இருக்கிறது. ஆள்தான் இல்லை. காலையில் திறந்து, கழுவி, தொட்டியை நிரப்பி, சாயங்காலம் மூட ஒருவர் வேண்டும். அவருக்கு மாதம் தவறாமல் சம்பளமும், கையுறையும், விளக்குமாறும், பினாயிலும் வேண்டும். போகிறபோக்கில் யாரோ ஒருவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டால் அது பூட்டியேதான் கிடக்கும். கடற்கரையில் இரும்பு நாதாங்கி ஒரு மழைக்காலம் தாங்காது. பித்தளையோ பிளாஸ்டிக்கோ போடுங்கள். வயதானவர்கள் உட்கார்ந்து எழ ஒரு வெஸ்டர்ன் கழிப்பறை, பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடி. கட்டணம் வைத்தாலும் சரி, கொடுக்கிறோம். கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்தால் மற்றதும் மனதில் வருகிறது. 1926இல் விட்ட மாயவரம் தரங்கம்பாடி ரயிலை 1986இல் நிறுத்தினார்கள். அந்தப் பாதையில் மறுபடி ரயில் வேண்டும் என்று இந்தப் பக்கத்து மக்கள் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். பெரியம்மா காலத்தில் சட்டை கசங்காமல் வந்து இறங்கிய ஊருக்கு இப்போது நின்றுகொண்டே பஸ்ஸில் போகிறோம். கடல் ஒவ்வொரு வருஷமும் கோயிலைத் தின்றது. மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது, இனி எதற்கும் நாகப்பட்டினம் ஓட வேண்டாம், பக்கத்திலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று எவ்வளவு சந்தோஷப்பட்டோம். 2020 டிசம்பரில் பட்டாசு வெடித்தவர்களில் எங்கள் தெருவும் உண்டு. பக்கத்தில் வந்துவிட்டீர்கள், ஆனால் ஒரு சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

ரயிலும் கடலரிப்பும் உங்கள் கையில் மட்டும் இல்லை என்று தெரியும். அவற்றுக்கு வேறு இடத்தில் முறையிடுகிறோம். உங்கள் கையில் இருப்பதை மட்டும் உங்களிடம் பணிவாகக் கேட்கிறேன். தரங்கம்பாடிக் கடற்கரையில் பெண்களுக்கு ஒரு கழிப்பறையைத் தண்ணீரோடு, விளக்கோடு, தாழ்ப்பாளோடு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். வாசலில் பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். உங்களில் யாராவது ஒரு பெண் அதிகாரி, முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு விடுமுறை நாளில் வந்து அந்தக் கதவுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் அந்தக் கடைக்கார அம்மாக்களோடும் பத்து நிமிடம் பேசுங்கள். எங்கே குழாய் வேண்டும், எந்த நேரத்தில் கூட்டம் என்று அவர்களைவிட நன்றாகச் சொல்ல யாரும் இல்லை.

தை பிறந்தால் காணும் பொங்கலுக்குச் சுற்றுவட்டாரமே கைக்குழந்தைகளோடும் பாட்டிமார்களோடும் அந்தக் கடற்கரைக்கு வரும். அதற்கு முன் இதைச் செய்து கொடுத்துவிடுங்கள். செய்துவிட்டால் எந்தத் தேதியிலிருந்து திறந்திருக்கும் என்று ஊருக்குத் தெரிகிற மாதிரி ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள். பெரியம்மாவை மறுபடி அழைத்துப் போக அந்தத் தேதிக்காகத்தான் காத்திருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
மயிலாடுதுறையிலிருந்து ஒரு பெண்