மங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவனுக்கு உள்ளூரிலேயே வேலை அமைந்துவிட்டது என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து நான் கிழக்கு இங்கிலாந்தில் சஃபோக், நார்ஃபோக் மாவட்டங்கள் பக்கமெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்டிருந்தாயே, "ஆங்கிலோ-சாக்சன்கள் படையெடுத்து வந்து பிரிட்டானியர்களை ஒழித்துக்கட்டினார்கள் என்று அன்றைக்குப் படித்தோமே, நிஜமா?" என்று. இந்தக் கேள்வியை நானும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தப் பாடத்துக்கு மூலம் இரண்டு துறவிகள். கி.பி. 410-ஐ ஒட்டி ரோமானிய ஆட்சி பிரிட்டனைக் கைகழுவியது. அதன் பிறகு வட ஜெர்மனி, டென்மார்க் பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்தவர்கள்தான் ஆங்கிலோ-சாக்சன்கள்; பிரிட்டானியர்கள் முன்பே அங்கே இருந்த உள்ளூர்க்காரர்கள். 6-ஆம் நூற்றாண்டில் கில்டாஸ் என்ற துறவி, நகரங்கள் எரிந்ததையும் மக்கள் வெட்டுண்டதையும் அழுது புலம்பி எழுதிவைத்தார். ஆனால் அவர் எழுத உட்கார்ந்தது வரலாறு அல்ல. தம் காலத்து அரசர்களையும் பாதிரிமார்களையும் பாவத்துக்காகக் கண்டிக்கும் உபதேசம். அவரை அடியொற்றி பீட் என்பவர் 731-இல் எழுதி முடித்த நூலில்தான், பிரிட்டானிய மன்னன் வோர்டிகெர்ன் கூலிப்படையாக அழைத்த ஹெங்கிஸ்ட், ஹோர்சா சகோதரர்கள் அவன்மீதே திரும்பிய கதை வருகிறது. அவர் சொல்லும் ஆண்டு 449. நடந்ததற்கும் எழுதியதற்கும் இடையே ஏறக்குறைய 300 ஆண்டு!

மண்ணைத் தோண்டினால் வேறு ஆட்கள் எழுந்து வருகிறார்கள். சஃபோக்கில் லார்க் ஆற்றங்கரையில் வெஸ்ட் ஸ்டோ என்று ஒரு கிராமம். 5-ஆம் நூற்றாண்டிலிருந்து 7-ஆம் நூற்றாண்டு வரை ஆட்கள் வாழ்ந்த இடம். நீள்சதுரமாகக் குழி வெட்டி, இரண்டு கோடியிலும் கம்பம் நட்டு, மேலே கூரை வேய்ந்த சின்னச் சின்ன வீடுகள். அகழ்ந்த இடத்திலேயே சிலவற்றைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். குழிகளில் கிடைத்தவற்றில் சுட்ட களிமண் வளையங்கள் முக்கியமானவை. தறியில் பாவு நூல் தொய்யாமல் இருக்கக் கட்டித் தொங்கவிட்ட எடைகள் அவை. ஆடு வளர்த்து, நூல் நூற்று, துணி நெய்து பிழைத்த குடும்பங்கள் அங்கே இருந்திருக்கின்றன. கோட்டை கட்டி உட்கார்ந்த படை இல்லை.

நார்ஃபோக்கில் ஸ்பாங் ஹில் என்ற இடுகாட்டில் 2,000-க்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. எரித்த எலும்போடு சீப்பு, சின்னஞ்சிறு சாமணம் எல்லாம் போட்டுப் புதைத்திருக்கிறார்கள். ஆண், பெண், குழந்தை எல்லோருமே உண்டு. ஒரு தாழி மூடியின்மேல் ஒரு களிமண் உருவம்: நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை முட்டியில் ஊன்றி, கன்னத்தில் கைவைத்தபடி. ஒரு சாண்கூட உயரம் இல்லை. துக்க வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மாதிரியே இருக்கும். அந்தத் தாழிகளின் வடிவமும் முத்திரைகளும் வட ஜெர்மனி இடுகாடுகளில் கிடைப்பவற்றோடு அப்படியே ஒத்துப்போகின்றன.

வடகடலுக்கு அக்கரையில், ஜெர்மனியில், இதே காலத்தில் ஊர்கள் காலியாகின. பிரேமர்ஹாஃபென் அருகே ஃபெடர்சன் வியர்டே என்று மேட்டின்மேல் இருந்த ஊர், மாடும் மனிதரும் ஒரே நீளக் கூரையின் கீழ் வாழ்ந்த இடம், 5-ஆம் நூற்றாண்டில் வெறிச்சோடியது. வந்தவர்களில் ஒரு பிரிவான ஆங்கில்களின் தாய்நாடு தம் காலம் வரை ஆளில்லாமல் கிடப்பதாகச் சொல்கிறார்கள் என்று பீட் எழுதியது பொய்யில்லை போலிருக்கிறது. அங்குள்ள பழைய மகரந்தமும் வயல்கள் மறைந்து காடு மண்டியதையே காட்டுகிறது.

நடுவில் சில அறிஞர்கள், வந்தது ஒரு கைப்பிடி வீரர்கள்தான், உள்ளூர்க்காரர்களே அவர்களைப் பார்த்துப் பழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள் என்றார்கள். எனக்கு அது ஒட்டவே இல்லை. 2022-இல் வெளியான மரபணு ஆய்வு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது என்றே நினைக்கிறேன். கிழக்கு, தெற்கு இங்கிலாந்தில் அக்காலத்தில் புதைக்கப்பட்டவர்களின் வம்சாவளியில் சராசரியாக முக்கால் பங்கு வடகடலுக்கு அக்கரையிலிருந்து வந்தது. பெண்களும் திரளாக வந்திருக்கிறார்கள். டோவர் அருகே பக்லேண்ட் இடுகாட்டில் ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறையை அடையாளம் கண்டு, உள்ளூர் ரத்தம் எந்தத் தலைமுறையில் கலந்தது என்பதையும் சொல்லிவிட்டார்கள்.

ஆக, ஒழித்துக்கட்டவும் இல்லை, வெறும் பழக்க மாற்றமும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினார்கள், பெண் கொடுத்து எடுத்தார்கள். அதற்காக எல்லாம் சுமுகம் என்று நினைத்துவிடாதே. 7-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென் இங்கிலாந்தில் சாக்சன்கள் ஆண்ட வெசெக்ஸின் மன்னன் ஐனி போட்ட சட்டத்தைப் பார். கொலைக்கு ஈடாக இங்கிலீஷ் குடியானவனுக்கு 200 ஷில்லிங். வரி கட்டும் பிரிட்டானியனுக்கு 120 மட்டும். அடுத்த வீட்டுக்காரன்தான், ஆனால் விலை குறைந்த உயிர். கில்டாஸின் அழுகையை நான் முழுக்கத் தள்ளாததற்குக் காரணம் இந்த எண்கள்தான். ஊர் எரியாத இடத்திலும் அவமானம் இருந்திருக்கிறது, மங்கை.

மகளோடு அடுத்த கோடையில் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டதும் தேதியை எழுது. வெஸ்ட் ஸ்டோவுக்கு ஒரு முழு நாள் வேண்டும். கன்னத்தில் கைவைத்த அந்த உருவம் நார்விச் கோட்டை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. மறுநாள் அங்கே போகலாம்.

அன்புடன்,
வசந்தா