எஞ்சினை மாற்றுகிற கராஜ்காரர்களுக்கு, பின் அக்சிலைப் பற்றி ஒரு மடல்

திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துக் கராஜ் அண்ணாமாருக்கு,

வணக்கம். என்னிடம் இருப்பது 1968ஆம் ஆண்டு லாண்ட் றோவர், 109 அங்குல நீள வீல்பேஸ் வண்டி. உப்புவெளிக் கரையில் படகு இழுப்பதில் இருந்து சீமெந்து ஏற்றுவது வரை எல்லாவற்றுக்கும் அதுதான். அதன் 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சின் குடித்த குடியில் தாக்குப்பிடிக்க முடியாமல், உங்களில் ஒருவரிடம் கொடுத்து ஈசுசு லொறியின் 3.9 லீற்றர் டீசல் எஞ்சினைப் பூட்டினேன். பெயர் வேண்டாம். பூட்டின வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எஞ்சினின் இழுவையைச் சில்லுகளுக்குக் கொண்டுபோகிற பின் அக்சிலைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கோணேசர் கோயில் அன்னதானத்துக்கு அரிசி மூட்டைகளோடு கோட்டைக்குள்ளால் ஏறிக்கொண்டிருந்தேன். மேட்டில் நிறுத்தி, முதல் கியரில் கிளச்சை விட்டதும் பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் உறுமுகிறது, வண்டி அசையவில்லை. அப்புறம் மெல்ல மெல்லப் பின்னுக்கு உருளத் தொடங்கியது. ஹான்ட் பிறேக்கை இழுத்தேன், நிற்கவில்லை. இந்த வண்டிகளின் ஹான்ட் பிறேக் சில்லுகளில் இல்லை, கியர்பொக்சுக்குப் பின்னால் ஷாஃப்டில் இருக்கிறது; பின் அக்சிலின் நடுவில் இருக்கிற டிஃப்ரன்ஷியல்தான் இழுவையை இரண்டு சில்லுக்கும் பிரிக்கிறது, அதில் இருந்து ஒவ்வொரு சில்லுக்கும் போகிற தண்டுதான் ஹாஃப் ஷாஃப்ட். ஒரு ஹாஃப் ஷாஃப்ட் முறிந்தால் மற்றச் சில்லை டிஃப்ரன்ஷியல் சும்மா சுற்ற விட்டுவிடும். கால் பிறேக்கில்தான் பிடித்தேன். கூட வந்த பொடியன் குதித்து ஒரு கல்லைச் செருகினான். கோட்டை மான்கள் நின்று வேடிக்கை பார்த்தன. பிறகு முன் சில்லுகளுக்கும் இழுவை கொடுக்கிற மஞ்சள் குமிழை அழுத்தி, முன் சில்லுகளின் இழுவையில் வீடு வந்து சேர்ந்தேன்.

முறிந்த துண்டைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் தெரியும். ஷாஃப்டின் நுனியில் நேராக இருக்கவேண்டிய ஸ்பிளைன் பற்கள் கயிறு திரித்த மாதிரி முறுகிப்போய் இருந்தன. முறிந்த முகத்தில் பாதி கறுத்துப் பழசாகவும், மீதி புதுசாகப் பளபளவென்றும் கிடந்தது. அதாவது அன்று முறிந்தது மீதிப் பாதிதான். வெடிப்பு அதற்கு முன்பே விழுந்துவிட்டது. எஞ்சின் மாற்றும்போது ஒரு மணித்தியாலம் செலவழித்து இந்த ஷாஃப்டை வெளியே இழுத்துப் பார்த்திருந்தால் முறுக்காவது கண்ணில் பட்டிருக்கும்.

கணக்கும் பெரிய கணக்கில்லை. பழைய பெற்றோல் எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 168 நியூட்டன் மீற்றர். சாதாரண முதல் கியரில் கியர்பொக்சும் டிஃப்ரன்ஷியலும் அதை ஏறக்குறைய 20 மடங்காக்கும்: பின் அக்சிலுக்கு 3,300க்கு மேல். டர்போ இல்லாத இந்த ஈசுசு 250க்குச் சற்று மேல் தரும். அக்சிலுக்கு வருவது 5,000. அதுவும் குறைந்த சுற்றிலேயே, எஞ்சினுக்குள் டீசல் வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் சுத்தியலால் அடிக்கிற மாதிரி. ஆனால் அதைத் தாங்க இருப்பது அதே பழைய 10 ஸ்பிளைன் ஷாஃப்ட். தன் சொந்த எஞ்சினுக்கே முறிகிறது என்று பெயர் எடுத்த சாமான் அது. 1970களின் தொடக்கத்தில் கம்பெனியே 109க்குப் பின்னால் தடித்த சாலிஸ்பரி அக்சிலைக் கொடுக்க வேண்டிவந்தது. மொறிஸ் மைனருக்கு நிசான் எஞ்சின் பூட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான்: 48 குதிரைவலு எஞ்சினுக்குச் செய்த அக்சில் அது.

நான் விட்ட அடுத்த பிழை, கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் இருந்து பழைய ஷாஃப்ட் ஒன்றை எடுப்பித்துப் போட்டது. எந்த வண்டியில் எவ்வளவு முறுகியதோ! நாலு மாதம்தான் நின்றது.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திறந்தார்கள். திறந்த பிறகும் விலை நமக்கு எட்டாது. ஆகவே பழைய வண்டியும் லொறி எஞ்சினும் என்கிற இந்தக் கலியாணம் இன்னும் பல நடக்கும். நடக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எஞ்சின் நம்பரை மாற்றிப் பதிகிறோம், புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். பின் அக்சிலைக் குனிந்து பார்க்க உங்களை விட்டால் ஆள் இல்லை. எஞ்சின் விலை சொல்லும்போதே ஹாஃப் ஷாஃப்ட், கிளச், யுனிவேர்சல் ஜொயின்ற், பிறேக் எல்லாவற்றுக்கும் சேர்த்து விலை சொல்லுங்கள். ஆள் காசில்லை என்றால், ‘அக்சில் பழையது, பாரத்தோடு மேட்டில் கிளச்சைத் தட்டி விடாதே’ என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். வேலை கைநழுவிப் போகும் என்று பயப்படுவீர்கள், தெரியும். எனக்கு அப்படி ஒருவர் சொல்லியிருந்தால் அவரிடமே திரும்பத் திரும்பப் போயிருப்பேன்.

வண்டி இப்போது வேப்பமரத்துக்குக் கீழே நிற்கிறது, சில்லுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து. சாலிஸ்பரி அக்சில் ஒன்று முழுதாக யாரிடமாவது கிடந்தால் சொல்லி அனுப்புங்கள். முறிந்த இரண்டு துண்டையும் கையோடு கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உப்புவெளியில் இருந்து ஒரு லாண்ட் றோவர்காரன்