ஐஸ் கம்பெனியிலேருந்து ஐஸ் ஹாக்கிக்குப் போன அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

உங்களைக் கனடாவுல ஐஸ் ஹாக்கி தலைமைக் கோச் வேலையிலேருந்து எடுத்துட்டாங்கன்னு போன வாரம் தெரிஞ்சுது. போன்ல கேட்டா, "அத்த வுடு, வஞ்சிரம் இன்னா வெல?"ன்னு பேச்சை மாத்திடுவீங்க. அதான் எழுதறேன். காசிமேட்டுப் பசங்களும் படிக்கட்டும்னு எல்லாருக்கும் தெரியற மாதிரியே எழுதறேன்.

அந்தக் கடைசி மேட்சைப் பார்த்தேன். அங்க ராத்திரி ஏழு மணின்னா இங்க விடிகாலை அஞ்சரை. மீன் ஏலச் சத்தத்துக்கு நடுவுல ஐஸ் பொட்டி மேல உக்காந்து மொபைல்ல பார்த்தேன். ஒரு கோல் பின்தங்கி இருக்கீங்க, மூணு நிமிஷம் மீதி. கோல்கீப்பரை வெளிய கூப்பிட்டு, ஆறாவதா ஒரு ஃபார்வர்டை இறக்கினீங்க. பக், அதான் அந்த ரப்பர் வட்டு, எதிர் டீமுக்குக் கைமாறி, நம்ம காலி கோலுக்குள்ள போயிடுச்சு. அரங்கமே உங்களைத் திட்டுச்சு.

அண்ணா, நீங்க பண்ணது சரி. ஒரு கோல்ல தோத்தாலும் ரெண்டு கோல்ல தோத்தாலும் கிடைக்கிற பாயிண்ட் சைபர்தான். சமன் பண்ணாதான் கணக்கு மாறும். திட்டு வாங்காம தோக்கிற வழி ஒண்ணு இருந்துச்சு. நீங்க அந்தப் பக்கமே போகலை.

உங்க கதையைப் பசங்களுக்குச் சொல்றப்போ நான் ஐஸ் கம்பெனியிலேருந்துதான் ஆரம்பிப்பேன். பெரியப்பா வேலை பார்த்த இடம். பெரிய உப்புத்தண்ணித் தொட்டி, அதைக் குளிர வைக்கிற அமோனியா கம்ப்ரசர், தொட்டிக்குள்ள வரிசையா முங்கிக் கிடக்கிற தகர டின்னுங்க. டின்ல ஊத்தின நல்ல தண்ணி ஐஸ் பாரா இறுகி வெளிய வரும். அது ஏறாம லாஞ்சு கடலுக்குப் போகாது. படிப்பை முடிச்ச கையோட அங்கதான் ஸ்பேனர் புடிச்சீங்க. உங்களைக் கனடாவுக்குக் கூட்டிட்டுப் போனது அந்த ஸ்பேனர்தான். அங்க 200 அடி நீளம், 85 அடி அகலத்துக்கு ஐஸ் தரை. அடியில காங்கிரீட்டுக்குள்ள குழாய், குழாயில ஓடறது அதே குளிர்ந்த உப்புத்தண்ணி, பின்னாடி ரூம்ல அதே அமோனியா. "நம்ம கம்பெனியப் படுக்கப் போட்ட மாரி கீதுடா"ன்னு மொத போன்லயே சொன்னீங்க. அந்தக் குரல்ல இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் கேக்குது.

எல்லாரும் போனப்புறம், மெஷின் பார்க்கிற நேரத்துல ஸ்கேட்டிங் கத்துக்கிட்டீங்க. அப்போ வயசு இருபத்தாறு. அப்புறம் சின்னப் புள்ளைங்களுக்குக் கோச், பெரிய டீமுக்கு உதவிக் கோச், கடைசியில தலைமைக் கோச்.

உங்க கோச்சிங்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஆள் மாத்தற விதம். முக்கால் நிமிஷம் ஆடினா எவ்ளோ பெரிய ஆட்டக்காரனும் வெளிய வரணும். ஆட்டம் ஓடிட்டிருக்கும்போதே அடுத்த செட் இறங்கணும். களைச்சவன் உள்ள நின்னா பக்கத்துல இருக்கறவனுக்கும் சேர்த்துப் பாரம்னு சொல்வீங்க. வலை இழுக்கிற எல்லாருக்கும் இது தெரியும். நம்ம தெருப் பொண்ணுங்களுக்கு அஞ்சு பேர் ஃபுட்பால் சொல்லித் தரேன் இல்ல, அங்கயும் இதேதான். இந்தப் பொங்கல் மேட்ச்ல, வெளிய உக்கார வெச்சாங்கன்னு ஒருத்திகூட அழலை.

இன்னொண்ணு. 2025-ல அரபு எமிரேட்ஸ்ல இருக்கிற அல் ஐன்ல நடந்த ஆசியக் கோப்பையில நம்ம நாட்டுப் பொண்ணுங்க ஐஸ் ஹாக்கியில வெண்கலம் வாங்கினாங்க. பெரும்பாலும் லடாக் புள்ளைங்க. குளம் உறையற ரெண்டு மூணு மாசந்தான் ஊர்ல அவங்களுக்கு ஐஸ். ஐஸ் போடவும் தெரிஞ்சு, ஆட்டமும் சொல்லித் தரத் தெரிஞ்ச ஆளை அவங்க எங்க போய்த் தேடுவாங்க? யோசிச்சுப் பாருங்க.

அதுக்கு முன்னாடி வீட்டுக்கு வாங்க. ஏப்ரல் 15-க்குள்ள வந்துடுங்க, அப்புறம் 61 நாள் தடைக்காலம், லாஞ்சு எதுவும் போகாது. பெரியப்பா ஒரு விஷயத்துல பிடிவாதமா இருக்காரு. அந்த ஐஸுக்கு அடியில வெள்ளை பெயிண்ட் அடிச்சுத்தான் வெள்ளையாக் காட்டறாங்கன்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. நீங்க நேர்ல வந்து சொன்னாத்தான் ஒத்துக்குவாராம்.

உங்க தம்பி