காலை 11 மணிக்குப் பூக்கூடை தெருவில் இருக்காது

வடசென்னையில் தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்து, விற்பனைச் சான்று வழங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் பூ விற்கும் ஒருவரின் மகள் எழுதுகிறேன்.

கணக்கெடுக்க வந்தவர்கள் எங்கள் தெருமுனையில் இளநீர்க்காரரையும் செருப்புத் தைப்பவரையும் எழுதிக்கொண்டு போனார்கள். அப்போது காலை 11 மணி. அம்மா வீட்டுத் தரையில் ஈரச்சாக்கை விரித்துப் பூ கட்டிக்கொண்டிருந்தார். விடியுமுன் கோயம்பேட்டுக்குப் போய் உதிரிப்பூ வாங்கி வந்தால், மல்லி மொட்டு விரிவதற்குள் கட்டி முடித்தாக வேண்டும். விரிந்த பூ நூல் பட்டதும் உதிரும். வாங்க வருபவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். மொட்டாகக் கட்டிய சரம்தான் அந்தியில், கூந்தலில் ஏறிய பிறகு மலரும். பக்கத்து வீட்டுப் பாட்டியும் கூலிக்கு உட்கார்ந்து கட்டுவார். இரண்டு பேரின் விரல்களும் ஓய்ந்து, கூடை கோவில் முனைக்குப் போகும்போது மாலை 5 மணி ஆகிவிடும். இரவு 9 மணிக்கு வியாபாரம் முடிந்துவிடும். அந்த நான்கு மணி நேரத்தில் நீங்கள் யாரும் வரவில்லை.

பட்டியலில் பெயர் இல்லாததற்கு என்ன விலை என்பது ஓர் ஆடி வெள்ளியன்று தெரிந்தது. தண்டல்காரரிடம் கடன் வாங்கி, வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு பூ எடுத்திருந்தார் அம்மா. நடைபாதையைக் காலி செய்ய வந்த வண்டியில் கூடை ஏறியது. அன்று இரவே கேட்டுப் போனார். நாளை வா என்றார்கள். மறுநாள் கூடை கிடைத்தது; உள்ளே மல்லி பழுத்துக் குழைந்து கிடந்தது.

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். கெட்டுப்போகும் பொருளைப் பறிமுதல் செய்தால், உரியவர் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருக்கிறார்கள். படித்தபோது எனக்கு அழுகை வந்தது.

காவல் நிலையத்துக்கே பூக்கடை என்று பெயர் வைத்திருக்கும் ஊர் இது. மொத்தப் பூச்சந்தை இருந்த பத்ரியன் தெருவுக்கு நடந்தே போய்ப் பூ வாங்கிய காலத்தை அம்மா இன்னும் சொல்வார். 1996இல் கோயம்பேடு சந்தை வந்து மொத்த வியாபாரம் அங்கே நகர்ந்தபோது, அந்தத் தூரத்தையும் பழகிக்கொண்டார். இப்போது சில்லறைப் பூவையும் ஏதாவதொரு வளாகத்துக்குள் அனுப்பிவிடலாம் என்ற பேச்சு காதில் விழுகிறது. தயவுசெய்து வேண்டாம். ஒரு முழம் பூவுக்காக யாரும் வளாகம் தேடிப் போக மாட்டார்கள். காளிகாம்பாளைக் கும்பிடப் போகிற வழியிலும், பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிற வழியிலும் கண்ணில் பட்டால்தான் பூ விற்கும்.

தெருவோர வியாபாரத்தை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது அதே சட்டம். அந்தப் பெண்களில் பூ விற்பவர் ஒருவராவது இருந்தால், எந்த நேரத்தில் கணக்கெடுக்க வேண்டும் என்பதை அவரே சொல்லியிருப்பார்.

விடுபட்டவர்களைச் சேர்க்க மீண்டும் ஒருமுறை வாருங்கள். மாலை 6 மணிக்கு வாருங்கள். கோவில் முனையில், மின்கம்பத்துக்கு இடப்பக்கம் அம்மா உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
பூக்காரம்மாவின் மகள்