விலைக் கணக்கில் மூன்று தரப்பும் சேரட்டும்

ஆசிரியருக்கு,

மக்கள் வாங்கும் பொருள்களின் விலை மாற்றத்தை அளக்கும் நுகர்வோர் விலைக் குறியீட்டின் அடிப்படை ஆண்டு (ஒப்பீட்டுக்கு எடுக்கும் ஆண்டு) 2012-லிருந்து 2024-க்கு மாறுவது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். அவசியமான மாற்றம். பழைய வரிசையில் உணவுக்கும் பானங்களுக்கும் மட்டும் ஏறக்குறைய 46 சதவீத எடை, அதாவது வீட்டுச் செலவில் அவற்றுக்குத் தந்த பங்கு. இன்று வீட்டுச் செலவின் கணக்கே வேறு. ஆனால் ஆண்டை மாற்றினால் மட்டும் போதாது. அன்றாட விற்பனை விவரம் நிறுவனங்களிடம் இருக்கிறது, கள ஆய்வு அரசிடம், ஆய்வு செய்யும் முறை பற்றிய அறிவு பல்கலைக்கழகங்களிடம். மூன்றும் தனித்தனியே கிடக்கின்றன. ஆய்வாளரும் பிற அமைப்பும் கைகோத்ததற்கு முன்னுதாரணம் உண்டு. 1937-இல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் வங்கத்தில் சணல் பயிரிடும் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிடத் தொடங்கியபோது, செலவை ஏற்றது இந்திய மத்திய சணல் குழு. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வுக்கு அந்த அனுபவம்தான் அடித்தளம்.

கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன் நான். மளிகை விலைகளை ஆராய விரும்பிய என் மாணவர்களுக்கு ஒரு பல்பொருள் அங்காடி பில் விவரம் தர முன்வந்தது. வாடிக்கையாளர் அடையாளத்தை நீக்கித் தருவதற்கு அங்கே வழிமுறை இல்லாததால் அந்த முயற்சி அப்படியே நின்றுபோனது. நல்ல ஆய்வு ஒன்று வீணானதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை, தான் தீர்க்க முடியாமல் தவிக்கும் கேள்விகளை ஆண்டுதோறும் வெளியிடலாம். அடையாளம் நீக்கிய தரவைப் பகிர்வதற்கு ஒரு பொது ஒப்பந்தப் படிவத்தையும் வகுத்து, சென்னைப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் முதுகலை மாணவர்களை ஒரு பருவம் முழுக்க அந்தக் கேள்விகளில் ஈடுபடுத்தட்டும்.

- ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர், திருச்சி