வடக்கு நந்தவன வெட்டிவேர்ப் பணி: திருப்பணிக் குழுவின் நிறைவு அறிக்கை

ஆலய உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோமுகியிலிருந்து வெளியேறும் அபிஷேக நீரும், ஐப்பசி, கார்த்திகை மழையில் திருச்சுற்றிலிருந்து வடியும் நீரும் தேங்கி நிற்கும் வடக்கு நந்தவனத்தின் தாழ்ந்த பகுதியில், வைத்த அரளியும் நந்தியாவட்டையும் வேரழுகிப் பட்டுப்போனதை நீங்கள் அறிவீர்கள். அங்கே சிமெண்ட் தளம் போட்டுவிட வேண்டும் என்று ஒரு சாராரும், கொரியன் புல் பதித்தால் பார்வைக்கு அழகாக இருக்கும் என்று மற்றொரு சாராரும் வற்புறுத்திய நிலையில், குழு வெட்டிவேரைத் தேர்ந்தது. தளம் போட்டால் நீர் மதிலடிக்கு ஒதுங்கி அஸ்திவாரத்தை ஊறவைக்கும்; பதிக்கும் புல்லோ சேற்றில் அழுகும். வெட்டிவேர் நம் மண்ணுக்கே உரிய புல். நீர் தேங்கினாலும் தாங்கும், சித்திரை வெயிலில் மண் வெடித்தாலும் தாங்கும். அதன் வேர் கோரையைப் போலவோ நாணலைப் போலவோ அடுத்த பாத்திக்குள் ஓடாமல் நேர் கீழாக இறங்குவது. தென்னிந்தியாவில் பயிராகும் வகை முளைக்கும் விதை வைப்பதில்லை என்பதால் களையாகப் பரவும் அச்சமும் இல்லை. மண்ணரிப்பைத் தடுக்க உலக வங்கி 1980களில் இதைப் பரிந்துரைக்கத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, மைசூரை அடுத்த குண்டல்பேட்டைப் பகுதி விவசாயிகள் இதைத் தங்கள் வரப்பில் வரிசையாக வைத்திருந்தார்கள். ஆகவே இது குழுவினர் யாருடைய சொந்த ஆசைக்காகவும் செய்த சோதனை அன்று.

வாய்க்கால் தூர்வாருதல், கம்பி வேலி, இரண்டு விளக்குக் கம்பங்கள் ஆகியவை குறித்த காலத்தில் குறித்த தொகைக்குள் முடிந்தன.

இனி, உறுப்பினர்கள் கடிதம் எழுதியும் தேர்முட்டியில் நின்று பேசியும் வரும் நாற்று விவகாரம். ஒப்பந்ததாரர் இறக்கிய தூர்க் கட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெட்டிவேர் அன்று, எலுமிச்சைப் புல். இலை நுனியை அரைச் சாணுக்கு வெட்டிக் கட்டிய நிலையில் இரண்டையும் கண்ணால் பிரிப்பது கடினம். நட்ட பிறகு தழைத்த இலைகளை உழவாரப் பணிக்கு வந்த அம்மாள் ஒருவர் விரல்களுக்கிடையே கசக்கி முகர்ந்து, “ஐயா, இது டீயில் போடுகிற புல்” என்று சொன்னபோதுதான் கலப்படம் வெளிப்பட்டது. வெட்டிவேரின் இலைக்கு அந்த மணம் கிடையாது. வாசனை முழுவதும் வேரில்தான். இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இப்போது நிற்கும் புல்லின் இலையில் மணமே இல்லை, ஆகவே குழுவும் ஒப்பந்ததாரரும் சேர்ந்து போலி நாற்றை நட்டுவிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கும் உறுப்பினர், மணம் வீசிய புல்லைத்தான் நாங்கள் பிடுங்கி எறிந்தோம் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

கட்டுகள் இறங்கிய இரவில் காவலர் கையெழுத்திட்ட சீட்டைக் காட்டி, சரக்கு ஏற்கப்பட்டுவிட்டது, நட்ட நாற்றுக்குத் தாம் பொறுப்பில்லை என்று ஒப்பந்ததாரர் வாதிட்டார். அந்தச் சீட்டில் இருப்பது கட்டுகளின் எண்ணிக்கை மட்டுமே. வகைக்கு அது சான்றாகாது என்று குழு எழுத்து மூலம் பதில் தந்தது. இரண்டும் புல்தானே, சுவாமிக்கு இரண்டும் ஒன்றுதானே என்றும் அவர் கேட்டார். சுவாமிக்கு ஒன்றாக இருக்கலாம். நீர் தேங்கும் பாத்திக்கு ஒன்றன்று. எலுமிச்சைப் புல் அங்கே ஒரு மழைக்காலம் தாண்டாது. அவருக்குரிய பாக்கி ரூ. 16,000 நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

மதிப்பீடு ரூ. 1,60,000, செலவு ரூ. 1,94,300. கூடுதலான ரூ. 34,300-இல் மாற்று நாற்றுக்கும் வண்டி வாடகைக்கும் ரூ. 9,000, பிடுங்கி மறுபடி நட்ட கூலிக்கு ரூ. 15,300, கலைந்த கரைக்கு மண் அடித்ததற்கு ரூ. 10,000. வரவு ரூ. 2,02,000, கையிருப்பு ரூ. 7,700. மழை தொடங்கும் முன் நட்டு வேர் பிடிக்கச் செய்யாவிட்டால் கரை முழுவதும் கரைந்திருக்கும் என்பதால், பொதுக்குழுவைக் கூட்டாமலே இச்செலவுக்கு ஒப்புதல் அளித்தோம். அந்த முடிவில் குழு உறுதியாக நிற்கிறது.

வில்வ மரத்தடியில் வரிசை விட்டுப்போயிருப்பது நாற்றை மிச்சம் பிடித்ததால் அன்று. நிழலில் வெட்டிவேர் தூர் கட்டாது. அடர்ந்த புதரில் பூச்சி பொட்டு அடையும் என்று அஞ்சுவோருக்காக, புல் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் அறுக்கப்படும். அறுத்த தாள் பூச்செடிகளுக்கு மூடாக்காகும். வேரைத் தோண்டி விற்றால் ஆலயத்துக்கு வருமானம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. தோண்டினால் எந்தக் கரைக்காக நட்டோமோ அந்தக் கரையே சரியும். சுவாமி மாலைக்கும் தீர்த்தத்துக்கும் வேண்டிய வேருக்காகக் கிழக்கே மணற்பாங்கான இடத்தில் தனிப் பாத்தி போடப்பட்டுள்ளது. ஓர் ஆண்டு கழித்து அதை மட்டும் தோண்டலாம்.

பொருளுதவி செய்த கடைவீதி வணிகர்கள், சிங்கப்பூரிலும் துபாயிலும் பணிபுரியும் நம் ஊர்ப் பிள்ளைகள், பிரதோஷ மண்டகப்படிதாரர்கள், தெற்கு வீதி ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர், மண் வண்டி தந்த செங்கல் சூளைக்காரர், கூலிக்காரர்களுக்கு மதியச் சோறு போட்ட மடைப்பள்ளியார், உண்டியலில் சேர்த்த காசைக் கொண்டுவந்த பள்ளிக் குழந்தைகள் ஆகியோரின் பெயர்கள் தொகையுடன் அலுவலகப் பலகையில் எழுதப்பட்டுள்ளன. உழவாரக் குழுவினர் கூலி பெறாமல் சேற்றில் இறங்கி உழைத்தார்கள். கடிதம் எழுதியவர்களில் எவரையும் அந்த நாட்களில் அங்கே காணவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம்.

ரசீதுகளும் ஒப்பந்ததாரருடன் நடந்த கடிதப் போக்குவரத்தும் அலுவலகத்தில் சாயரட்சைக்குப் பின் பார்வைக்கு வைக்கப்படும். நிறுத்தி வைத்த ரூ. 16,000-ஐக் கூடுதல் செலவில் ஈடுகட்டிக்கொள்ளும் தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் கொண்டுவரப்படும்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழு