ஜூலை 16: மௌனத்தோடு நிறுத்திவிட வேண்டாம்

ஆசிரியருக்கு,

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பள்ளிக் குழந்தைகளைத் தீ கொண்டுபோனது. பெரும்பாலோர் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகள். மதிய உணவு சமைத்த இடத்தில் கிளம்பிய நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவியது. எரியும் கீற்றும் மூங்கிலும் பிள்ளைகளின் தலைமேலேயே சரிந்தன. இறங்குவதற்கு இருந்த படிக்கட்டோ குறுகலானது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் பெற்றோர் பள்ளி வாசலில் படங்களை வைத்துக் கண்ணீர் வடிக்கிறார்கள்.

மற்ற ஊர்ப் பள்ளிகளும் அன்று காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு நிமிடம் மௌனமாக நிற்கட்டும். அதோடு, அன்றைக்கே ஏதாவது ஒரு பாடவேளையில், நேரம் சொல்லாமல் வெளியேறும் ஒத்திகை நடத்த வேண்டும். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு மட்டும் முன்கூட்டித் தகவல் சொல்லிவிடலாம்.

ஒத்திகை என்ற பெயரில் பிள்ளைகளை வரிசையாக மைதானத்துக்குக் கூட்டிப்போய்ப் புகைப்படம் எடுப்பதால் பயனில்லை. தினமும் இறங்கும் படிக்கட்டின் அடியில் ஒரு பெஞ்சைப் போட்டு, சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். தீ அங்கேதான் என்று வைத்துக்கொள்வோம். குறை எங்கே என்று அப்போதுதான் தெரியும். இரண்டாவது படிக்கட்டின் கிரில் கேட் பூட்டியிருக்கும். சாவி அலுவலக அறையில் தொங்கும். படிகளில் உடைந்த மேசையும் பழைய விடைத்தாள் மூட்டையும் கிடக்கும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு பள்ளிப் படிக்கட்டுக்கு ஒன்றரை மீட்டர் அகலம் கேட்கிறது. மூட்டைகள் போக மிச்சம் எவ்வளவு என்று டேப் வைத்து அளந்து பாருங்கள்.

மணியும் முக்கியம். மின்மணியை மட்டும் நம்பக் கூடாது, தீ விபத்தில் முதலில் போவது மின்சாரம். தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, இடைவேளை மணியோடு குழம்பாதபடி நிறுத்தாமல் அடிக்க வேண்டும். சின்ன வகுப்புகளுக்கு முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர் போக வேண்டும். பயந்த குழந்தை ஓடாது. மேசைக்கு அடியிலோ கழிப்பறையிலோ ஒளிந்துகொள்ளும். அதனால் கடைசியாக வருபவர் குனிந்து பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வர வேண்டும், பூட்டக் கூடாது. புகை என்றால் தரையை ஒட்டித் தவழச் சொல்லிக்கொடுங்கள். சூடான புகை மேலேதான் தேங்கும்.

விபத்துக்குப் பிறகு அரசு உத்தரவால் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அந்த இடத்துக்கு இப்போது வேறு பொருள்கள் வந்துவிட்டன: முற்றத்தில் பச்சை நிழல்வலை, ஆண்டு விழாவுக்குத் துணிப்பந்தல், சுவரெல்லாம் ஃபிளெக்ஸ், தெர்மாகோல். பிளாஸ்டிக் எரியும்போது உருகிச் சொட்டும், தோலில் ஒட்டிக்கொள்ளும். சமையல் கூடத்தின் அருகிலோ வெளியேறும் வழியிலோ இவை இருக்கவே கூடாது.

தீயணைப்பான்கள் பள்ளிகளில் இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009-இலேயே தீர்ப்பளித்தது. சுவரில் சிவப்பு உருளை தொங்கினால் மட்டும் போதாது. அழுத்த மானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, கைப்பிடியில் செருகிய ஊசியும் சீலும் இருக்கின்றனவா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். உள்ளே பொடி இறுகிப்போனால் அழுத்தம் சரியாக இருந்தும் வெளியே வராது. 6 கிலோ உருளை அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஊசியை உருவி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, வாசல் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, தீயின் அடிப்பாகத்தில் பக்கவாட்டில் வீசி அடிக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கேஸை நிறுத்தி மூடியால் மூடிவிட்டால் அடங்கும்.

எல்லோரும் கூடும் இடம் பள்ளி வாசலாக இருக்கக் கூடாது, தீயணைப்பு வண்டி வரும் வழி அது. கூடிய இடத்தில் தலைகளை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பும்: ஒரு வகுப்புப் பிள்ளை இன்னொரு வரிசையில் நிற்கும், தாமதமாக வந்தவர் விடுபடுவார். வருகைப் பதிவேட்டைக் கையோடு எடுத்துவந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, ‘உள்ளேன் ஐயா’ என்ற குரல் கேட்ட பிறகே டிக் அடிக்க வேண்டும். மணி அடித்ததிலிருந்து கடைசிக் குரல் வரை ஆன நேரத்தைத் தகவல் பலகையில் எழுதிப்போடுங்கள், பெற்றோர் பார்க்கட்டும். கல்வித் துறை இதற்கான சுற்றறிக்கையை ஜூலை முதல் வாரத்திலேயே அனுப்ப வேண்டும்.

- ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்